இரண்டு பேருக்கு ஒரு டிரைவர்

சிவானந்தம் ஓங்கி அடித்தார். பந்து போன தூரத்தைவிட மட்டையின் தலை போன தூரம்தான் அதிகம். கறுத்த மரத்தாலான அந்தத் தலை கழுத்தோடு முறிந்து, காற்றில் சுழன்றுகொண்டே போய், செம்பனை மரங்களுக்கு நடுவில் எங்கோ விழுந்தது. பந்து அவர் காலுக்குப் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்திருந்தது. கையில் வெறும் தடியோடு நின்றவரைப் பார்த்து அப்பளசாமி கேட்டார்.

"கிராணியாரே, எதத் தேடணும்? பந்தையா, தலையையா?"

சிவானந்தம் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் நின்னிருந்தீங்கன்னா ஒங்க தலையத் தேடிக்கிட்டு இருப்பேன்" என்றார். முறிந்த தடியைத் தன்னைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

இது நடந்தது எண்பத்து நாலில், கோலசிலாங்கூர் பக்கம் கிளென்மோர் தோட்டத்தின் கோல்ஃப் திடலில். வெள்ளைக்கார துரைகள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட ஒன்பது குழித் திடல் அது. துரைகள் போனபின் வந்த மேனேஜர் என்சிக் ரஹிம், அக்கம்பக்கத் தோட்டத்து உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் விளையாடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான் இந்த இரண்டு பேரும். அப்பளசாமி கிளென்மோர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். குள்ளம், தொப்பை, எப்போதும் கலகலப்பு. சிவானந்தம் பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணி. நெட்டை, ஒல்லி, எதையும் மனதில் போட்டு அரைத்துக்கொண்டிருக்கும் சுபாவம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி காய்வதற்குள் இருவரும் திடலில் இருப்பார்கள்.

முதல் அடிக்கு எடுக்கும் நீளமான மட்டைதான் டிரைவர். அப்பளசாமியின் டிரைவர் மழையில் ஊறி ஊறி வீங்கி, வெடித்து, எப்போதோ விறகாகிவிட்டது. அதனால் இரண்டு பேரும் சிவானந்தத்தின் டிரைவரைத்தான் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அதுவும் போயிற்று.

"ஆளுக்கு ஒன்னு வாங்கினா ரெண்டும் மட்டமாத்தான் இருக்கும். சேந்து நல்லதா ஒன்னு வாங்குவோம் லா" என்றார் அப்பளசாமி.

சிவானந்தம் ஒப்புக்கொண்டார்.

செய்தி எப்படியோ தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாயம்மா, மருந்துப் புட்டிகளைத் துடைத்து அடுக்கியபடியே மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"ஐயா, நீங்களும் அந்தத் தோட்டத்துக் கிராணியாரும் சேந்து ஒரு டிரைவர் வைக்கப் போறீங்களாமே? எங்க தம்பி லைசன் எடுத்துட்டு சும்மாதான்யா இருக்கான்."

அப்பளசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஷயத்தை விளக்கியபின் தாயம்மாவும் சிரித்தாள். ஆனாலும் விடவில்லை. "பந்தடிக்கறதுக்கே டிரைவர் வாங்குறீங்க. காருக்கும் ஒன்னு வச்சா என்னவாம்?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பளசாமியின் டட்சன் காரில் கோலாலம்பூருக்குக் கிளம்பினார்கள். அவர் மனைவி அம்சவள்ளியும் சேலை எடுக்க வேண்டும் என்று கூடவே வந்தாள்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. சீனக் கடைக்காரர் ஒரு மர டிரைவரை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தேன் நிறத்தில், ரேகை ரேகையாக, எண்ணெய் பூசியது போல மின்னியது. சிவானந்தம் அதைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார்.

"இதுதாங்க மட்டை" என்றார்.

கடைக்காரர் இன்னொன்றை எடுத்தார். அதன் தலை முழுக்க எஃகு. வெள்ளி முலாம் பூசிய சொம்பைக் கவிழ்த்தது போல இருந்தது. அமெரிக்காவில் இப்போது பெரிய ஆட்டக்காரர்கள் இதற்குத்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். இதற்கும் பெயர் 'வுட்'தான் என்றும் சொன்னார்.

"இரும்புல பண்ணிட்டு மரம்னா என்ன நியாயம்?" என்றார் சிவானந்தம்.

கடையின் பின்பக்கம் ஒரு வலை கட்டி, அடித்துப் பார்க்க இடம் வைத்திருந்தார்கள். சிவானந்தம் மரத்தால் அடித்தார். 'டொக்' என்று அடக்கமாக ஒரு சத்தம். அப்பளசாமி எஃகால் அடித்தார். 'டிங்' என்ற சத்தத்தில் வாசலில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி எழுந்தே விட்டாள்.

"அடுப்படியில தட்டு விழுந்த மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார் சிவானந்தம்.

"சத்தத்த விடுங்க. அடி எப்படி இருந்துச்சு பாத்தீங்களா? நுனியில பட்டும் நேராப் போவுது. அதோட நம்ம பக்கத்து ஈரத்துல மரம் எத்தன நாளைக்குத் தாங்கும்? போன வாரம் பறந்துச்சே, மறந்துட்டீங்களா?"

அதை நினைவுபடுத்தியதும் சிவானந்தம் மர டிரைவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அடுத்த சிக்கல் வந்தது. நெட்டைக்கு விறைப்பான தடி வேண்டும் என்றார் கடைக்காரர். குள்ளத்துக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தடிதான் சரி. கடைசியில் இரண்டுக்கும் இடையில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆள் இருந்தா அவருக்கு அளவா இருக்கும்" என்றார் அப்பளசாமி.

"ஒங்களுக்கு மட்டை எடுத்த நேரத்துல நான் நாலு பொண்ணுக்குக் கல்யாணச் சேல எடுத்திருப்பேன். அதையே வாங்கிட்டு வாங்க, போவலாம்" என்றாள் அம்சவள்ளி. அதையே வாங்கினார்கள்.

மறுநாள் காலை முதல் அடி அப்பளசாமியுடையது. 'டிங்' என்ற சத்தத்துக்குக் காக்கைகள் கிளம்பின. அடுத்த குழியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பந்து, அவர் வாழ்நாளில் அடித்தறியாத தூரத்துக்குப் போய், அதற்கப்புறமும் உருண்டது. அவர் தொப்பியை எடுத்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

சிவானந்தம் அடித்தார். பந்து கிளம்பியதும் இடது பக்கம் வளைந்து செம்பனைக்குள் போய்விட்டது. இன்னொன்று வைத்தார். அதுவும் அங்கேயே. அன்று முழுக்க அப்படித்தான். "பழகணும் லா" என்று அப்பளசாமி தேற்றினார். ஆனால் அடுத்த வாரமும் அதே கதை, அதற்கடுத்த வாரமும் அதே கதை. தூரமாக அடிக்கும் சந்தோஷத்தில் அப்பளசாமி கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டாரோ என்னவோ, சிவானந்தத்தின் பேச்சு குறைந்தது. டிரைவர் ஒரு வாரம் ஒருவர் வீட்டில், மறு வாரம் மற்றவர் வீட்டில் என்பது ஏற்பாடு. ஒரு முறை தன் வீட்டுக்கு எடுத்துப்போன சிவானந்தம், அந்த ஞாயிறு ஜெராமில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பிவிட்டு வராமலேயே இருந்துவிட்டார்.

அந்த ஞாயிறுதான் கிளப் பலகையில் புதுப் போட்டியை ஒட்டியிருந்தார்கள். ஜோடி ஆட்டம். இரண்டு பேருக்கு ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். என்சிக் ரஹிம் அப்பளசாமியைப் பார்த்ததும் தோளைத் தட்டினார்.

"டிரெஸ்ஸர், மத்த போட்டியில ஒருத்தர் மட்டைய இன்னொருத்தர் தொடக்கூடாது. இதுல ஜோடியா ஆடறவங்க பகிர்ந்துக்கலாம். ஒங்க ரெண்டு பேருக்குன்னே செஞ்ச ஆட்டம்!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அப்பளசாமி திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே சிவானந்தம் வீட்டுக்குக் காரை விட்டார். நண்பர் கோபித்துக்கொண்டிருக்கிறார், மட்டையை விற்றுவிடலாம் என்று சொல்லப்போகிறார் என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார். வீட்டுப் பின்பக்கமிருந்து 'டிங்... டிங்...' என்று சத்தம் வந்தது.

இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு பெரிய மீன் வலை தொங்கியது. அதன் எதிரே, வேர்வையில் நனைந்த பனியனோடு சிவானந்தம் நின்று பந்துகளை அடித்துக்கொண்டிருந்தார். நண்பரைப் பார்த்ததும் திருடன் போல விழித்தார்.

"வல ஏது?"

"சுங்கை செம்பிலாங்ல ஒரு மீன்காரர்கிட்ட வாங்கினேன். பழசு. இன்னும் கவுச்சி போகல."

"விசேஷம்னு சொன்னீங்க?"

"ஒரு விசேஷமும் இல்ல. எல்லார் முன்னாலயும் காட்டுக்குள்ளயே அடிச்சுக்கிட்டிருக்க வெக்கமா இருந்துச்சு."

இத்தனை வாரம் பக்கத்தில் நின்று பார்த்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தார் அப்பளசாமி. பேச்சை மாற்றுவதற்காக, "எங்க, இன்னொன்னு அடிங்க, பாப்போம்" என்றார். சிவானந்தம் மட்டையை எடுத்தபோதுதான் அவர் விரல்களைக் கவனித்தார். தோலுரிந்து, கொப்புளம் உடைந்து, இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"என்னய்யா கை இது? மட்டை பிடிச்ச கையா? வெள்ளத்துல போறவன் கட்டையப் பிடிச்ச மாதிரியில்ல இருக்கு!"

சிவானந்தம் கையை மறைக்கப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னிக்குத் தலை பறந்துச்சுல்ல, அதுலேருந்து இப்படித்தான். ஓங்கும்போதெல்லாம் இதுவும் கழண்டு யார் மண்டையிலயாவது பட்டுருமோன்னு தோணுது. என்னையறியாம கை இறுகிப்போவுது."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க நல்லா அடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அப்பளசாமி காரிலிருந்து மருந்துப் பையை எடுத்துவந்தார். வாசல் பெஞ்சில் நண்பரை உட்காரவைத்து, புண்ணைக் கழுவி, மருந்து தடவி, ஒவ்வொரு விரலாகப் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் சுற்றினார். ஆஸ்பத்திரியில் ரப்பர் பால் வெட்டும் கத்தி பட்டு வருகிறவர்களுக்குக் கட்டுகிற அதே நிதானத்தோடு கட்டினார். முடிந்ததும் சிவானந்தத்தின் விரல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி இருந்தன.

ஒரு வாரம் மட்டையைத் தொடக்கூடாது என்றுதான் அப்பளசாமி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டிரெஸ்ஸரைவிட ஆட்டக்காரர் முந்திக்கொண்டார். "இப்ப இறுக்கிப் பிடிக்க முடியாதுல்ல? அப்படியே ஒன்னே ஒன்னு அடிச்சுப் பாருங்க" என்றார்.

"வலிக்கும்."

"வலிச்சா விட்டுருங்க."

சிவானந்தம் பூவைப் பிடிப்பது போலப் பிடித்து ஓங்கினார். 'டிங்' என்றது. இதுவரை கேட்காத, சுத்தமான ஒரு சத்தம். பந்து வலையின் நடுவில் போய் மோத, தென்னைகள் இரண்டும் குலுங்கின. அவர் மட்டையின் தலையைத் திருப்பிப் பார்த்தார். அது அதன் இடத்திலேயே இருந்தது. மெல்ல மெல்ல அவர் முகத்தில் சிரிப்பு பரவியது.

"டிரெஸ்ஸரே, நான் ஒன்னுமே பண்ணலையே!"

"அதான் லா. இனிமேலும் ஒன்னும் பண்ணாதீங்க."

ஜோடி ஆட்டத்துக்கு இருவரும் பெயர் கொடுத்தார்கள். போட்டிக்கு முன்னால் கை ஆறுவதற்கு நாள் இருந்தது. போட்டியன்று இரண்டு பேரும் தங்கள் அரைகுறை மட்டைகளையெல்லாம் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒற்றைப்படைக் குழிகளில் சிவானந்தம் முதல் அடி அடிப்பது, இரட்டைப்படையில் அப்பளசாமி என்று பேச்சு. சிவானந்தத்தின் பந்து இரண்டு முறை நேராகப் போயிற்று, ஒரு முறை மரத்துக்குள் போயிற்று, இன்னொரு முறை எங்கே போனதென்று தெரியாமல் திடலின் நடுவிலேயே கிடைத்தது. அப்பளசாமி எப்போதும் போல ஒவ்வொரு அடிக்கும் கும்பிட்டுக்கொண்டு ஆடினார். எட்டுக் குழி முடிந்தபோது ஏதாவது பரிசு கிடைக்கலாம் என்கிற நிலையில் இருந்தார்கள்.

ஒன்பதாம் குழிக்குக் குறுக்கே பாரிட் என்கிற அகலமான வடிகால் வாய்க்கால் ஓடுகிறது. கடல் ஏற்றத்தில் தண்ணீர் கரை தட்டிப் பழுப்பாக நின்றது. கிளப்பில் பெரும்பாலானவர்கள் பாரிட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன அடி போட்டுவிட்டு, அடுத்த அடியில்தான் தாண்டுவார்கள். இந்த இரண்டு பேரும் ஒரு நாளும் வேறு மாதிரி ஆடியதில்லை.

சிவானந்தம் டிரைவர் மேலேயே கண்ணாக நின்றார். "தாண்டிப் பாக்கட்டுமா?"

"பிளாஸ்டர் இருக்கா?"

"கை ஆறி, பிச்சுப் போட்டாச்சே."

"அப்பன்னா புண்ணு இருக்கறதா நெனச்சுக்கிட்டே அடிங்க."

பின்னால் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சிவானந்தம் மூச்சை விட்டார், தோளைத் தளர்த்தினார், ஓங்கினார். அடித்த சத்தத்தில் பாரிட் ஓரத்துக் கொக்குகள் எழுந்தன. பந்து அவற்றுக்கு மேலே உயர்ந்து, நேராக, தண்ணீருக்கு மேல் சின்ன வெள்ளைப் புள்ளியாகப் போய், எதிர்க்கரைப் புல்லில் விழுந்து துள்ளியது. பின்னாலிருந்தவர்கள் கைதட்டினார்கள். அப்பளசாமி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். நெட்டை மனிதரின் நெஞ்சு உயரத்துக்குத்தான் அவர் தலை எட்டியது.

"விடுங்கய்யா, விடுங்க. பந்து இன்னும் குழிக்குள்ள போவல" என்றார் சிவானந்தம். அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்னது சரிதான். அடுத்த அடி அப்பளசாமியுடையது. அவர் சந்தோஷத்தில் அடித்த அடியில் பந்து நேராக மணல் குழிக்குள் போய்ப் புதைந்தது. அதிலிருந்து வெளியே வருவதற்குள் முதல் பரிசும் இரண்டாம் பரிசும் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. மூன்றாம் இடத்துக்கு ஆளுக்கொரு வெந்நீர் பிளாஸ்க் கொடுத்தார்கள். "ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒன்னு போதாதா?" என்று என்சிக் ரஹிம் கேலி செய்தபடியேதான் கொடுத்தார்.

"என் மணல் அடிய மன்னிச்சுருங்க கிராணியாரே" என்றார் அப்பளசாமி காரில் ஏறும்போது.

"எந்த மணல்?" என்றார் சிவானந்தம். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.

அம்சவள்ளியையும் ஏற்றிக்கொண்டு சுங்கை செம்பிலாங்குக்குச் சாப்பிடப் போனார்கள். படகுகள் கட்டியிருந்த கரையோரக் கடையில் நண்டும் இறாலும் வந்தன. கடல் காற்று மேசைத் துணியைத் தூக்கிக்கொண்டே இருந்தது. சிவானந்தம் நண்டைத் தொடவில்லை. உப்புக் குப்பியை இந்தக் கரையாகவும் மிளகாய்ச் சாந்துக் கிண்ணத்தை அந்தக் கரையாகவும் வைத்து, பந்து எப்படிப் போயிற்று என்று அம்சவள்ளிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வாரம் முழுவதும் பத்து வார்த்தை பேசாத மனிதர் அன்று மூச்சுவிடாமல் பேசினார்.

"அண்ணே, ஆறிப்போவுது, சாப்பிடுங்க" என்றாள் அம்சவள்ளி.

"இரும்மா தங்கச்சி, பந்து இன்னும் கீழ எறங்கல" என்றார் சிவானந்தம்.

அப்பளசாமி ஒரு பெரிய நண்டுக் காலை உடைத்து, சதையை எடுத்து, நண்பரின் தட்டில் வைத்துவிட்டுக் கதையைக் கேட்கச் சாய்ந்து உட்கார்ந்தார்.