முதுகுமணி

அந்தப் பழைய கடிகாரக் கடையில் அக்காவுக்கு வேலை, வந்து குவியும் டைம்பீஸ்களைக் கூடு பார்த்துப் பிரிப்பது. தலையில் இரண்டு மணி இருந்தால் ஒரு தட்டு. ஒரே மணி குடைபோல் கவிந்திருந்தால் வேறு தட்டு. தோல் பெட்டிக்குள் மடங்கினால் பயண வகை. வெளியே மணியே தெரியாமல், உள்ளேயிருக்கும் சுத்தி பின்மூடியையே தட்டி ஒலிக்கிற வகைக்குக் கடையில் முதுகுமணி என்று பெயர். அக்காவுக்குக் கடையில் இருந்த பெயர் கும்பகர்ணி.

பெயர் வைத்தவன் கடை முதலாளியான தம்பி. அம்மா நோயில் கிடந்த சமயம், விடியற்காலையில் அவளுக்கு மருந்து கொடுக்க வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் தம்பிதான் அம்மாவின் முதுகுமணி டைம்பீஸைக் கடையில் வைத்து எண்ணெய் போட்டு, சாவியும் கொடுத்துக் கொண்டுவந்து வைத்தான். அதை நம்பிக் கண்ணயர்ந்த அக்கா எழுந்தபோது அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அலாரம் காது கிழியக் கத்தியிருக்கு, இவ அசையல" என்றான். அக்காவும் அதை நம்பினாள். மணிச்சத்தம் கேட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை. கேட்காமல் தூங்கியதுதானே குற்றம்!

அதற்கப்புறம் அவள் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அந்த டைம்பீஸைத் தம்பி கண்ணாடி அலமாரியில் வைத்து, "அம்மா ஞாபகம், விக்கிறதுக்கில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் உருகுவான். அதை யாரும் தொடக் கூடாது. நல்ல நடிகன், பாவி.

அன்று பல் டாக்டர் ஒருவர் டைம்பீஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். "ரொம்ப வருஷம் முன்னாடி இங்க வாங்கினது. இது எந்த வகைம்மா?"

உருண்டைக் கூடு, இரண்டு குட்டைக் கால், வெளியே மணி இல்லை. முதுகுமணிதான் என்று சொல்ல வாயெடுத்தவள், திருப்பிப் பார்த்ததும் நிறுத்தினாள். கூடு வெள்ளி நிறம், பின்மூடி மட்டும் பித்தளை. அதில் அலாரச் சாவிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அம்மாவுக்குக் கண் மங்கியபோது எந்தச் சாவி என்று தெரியட்டுமே என்று அக்காவே வைத்த நகப்பூச்சு அது.

அலமாரியைத் திறந்து அம்மாவின் டைம்பீஸை எடுத்தாள். அதன் முதுகில் வெறும் தகரம், பொட்டு இல்லை. சாவி கொடுத்து அலார முள்ளைத் திருப்பினாள். டொக் டொக் டொக். டப்பாவை விரலால் தட்டுவதுபோல் இருந்தது. எதிரே நின்ற டாக்டரே காதைச் சாய்த்துத்தான் கேட்டார்.

அலமாரி திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளறையிலிருந்து தம்பி முகம் வெளிறி ஓடிவந்தான்.

"மூடிய மாத்தினது நீதானே?"

"அன்னிக்கு எண்ணெய் போடக் கழட்டினப்போ, மூடி இல்லாத ஒண்ண ஒரு ஆளுக்கு அவசரமாக் கொடுக்க வேண்டியிருந்துச்சு. நம்ம வீட்டுதுதானேன்னு தகரத்தப் போட்டேன். ரெண்டு நாள்ல மாத்திடலாம்னு..."

"தகரத்துல சத்தம் எழும்பியிருக்காதுன்னு தெரிஞ்சேதான் ஊரெல்லாம் என்னைச் சொன்னியா?"

அவன் டாக்டரைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "கஸ்டமர் முன்னாடி எதுக்கு? சும்மா இரு, கும்பகர்ணி."

வாய் தவறித்தான் வந்திருக்கும், பழக்கதோஷம். தன்னைத் தானே சபித்துக்கொண்ட காலத்தை எவன் திருப்பித் தருவான்? அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எந்த வகைன்னு கேட்டீங்களே டாக்டர். கூடு உங்களோடது, மணி எங்கம்மாவோடது. அது அடிச்சிருந்தா நான் எழுந்திருப்பேன்."