அசையாத அறுபத்திரண்டு

ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்த அந்தத் தயிர் ஆலையின் மொட்டைமாடியில் குளிரூட்டும் விசிறிகள் எட்டு. ஆகஸ்ட் வெயிலில் இரும்பு ஏணி ஏறி, ஒவ்வொரு மோட்டாரின் சூட்டையும் அளந்துவருவது டெக்னீஷியன் கௌஸ் முகைதீனின் வேலை. டூட்டி முடியும்போது அவருடைய முழங்கால் வீங்கியிருக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இன்ஜினியர் நளினி மேனேஜரோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி வயர்லெஸ் சென்சார்களை வரவழைத்தாள். கேபிள் இழுக்க வேண்டியதில்லை, ஆலையை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டே நாளில் எட்டு மோட்டாரிலும் தீப்பெட்டி அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டது.

கௌஸ் பாய்க்கு முதலில் நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டாவது வாரமே, காதுக்கு எட்டாத அதிர்வை வைத்து மூன்றாம் மோட்டாரின் பேரிங் தேய்ந்திருப்பதை அது சொல்லிவிட்டது. அன்றிலிருந்து கன்ட்ரோல் ரூம் திரையை அவர் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்க்கத் தொடங்கினார். கால் வீக்கமும் வடிந்தது. அவர் மனைவி ஹிஃப்ஸா, நளினிக்கு ஒரு டப்பா நிறைய வட்டிலாப்பம் கொடுத்தனுப்பினாள்.

ஒரு மதியம் அவர் கூப்பிட்டார்.

“நளினிம்மா, அஞ்சாம் நம்பர் காலையிலேர்ந்து அறுபத்திரண்டு டிகிரியிலயே நிக்குது.”

“பச்சைதானே பாய் காட்டுது?”

“பச்சைதான். மத்ததெல்லாம் ஒண்ணு ரெண்டு ஏறி இறங்குது. இது மட்டும் அசையவே இல்லை.”

நளினி அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஏணியில் ஏறினாள். காலையில் யாரோ இறக்கி வைத்த இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஐந்தாம் மோட்டாரை மறைத்துக்கொண்டு நின்றது. சிக்னல் அதைத் தாண்டவில்லை. கடைசியாக வந்த எண்ணையே திரை காட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரிலிருந்து கருகல் வாடை அடித்தது.

“பாய், அஞ்சை நிறுத்துங்க,” என்றாள் போனில்.

மற்ற ஏழும் தாக்குப்பிடித்தன. பால் கெடவில்லை.

கீழே வந்தவள் வியர்வையைத் துடைக்கக்கூட இல்லை. “உங்களுக்கு நல்லது பண்றேன்னு பொய் சொல்ற திரையை மாட்டிட்டேன் பாய்.”

அவர் குளிர்ந்த மோர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினார். “பொய் சொல்லலம்மா. வாயடைச்சுப் போனதைச் சொல்லத் தெரியல, அவ்வளவுதான். கழட்டிராதீங்க, என் முட்டி தாங்காது.”

சாயங்காலத்துக்குள் அவள் அதைச் சரிசெய்தாள். ஐந்து நிமிடம் தகவல் வராவிட்டால் எண் மறைந்து மணி அடிக்கும். தொட்டியும் இடம் மாறியது. வாரம் ஒருமுறை ஆள் ஏறிப் பார்க்க வேண்டும் என்று டூட்டி நோட்டில் எழுதி, அதன்கீழ் தன் பெயரைப் போட்டாள். கௌஸ் பாய் பேனாவை வாங்கிப் பக்கத்தில் தன் பெயரையும் சேர்த்தார்.

“ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான். வெயிலுக்கு முன்னாடி ஏறி இறங்கிரணும்.”