இடது பக்கச் சிரிப்பு

புது ஆட்களை வைத்துப் படமெடுப்பது அந்தப் போட்டோகிராபருக்குப் பதினான்கு வருடப் பழக்கம். கேமராவைப் பார்த்ததும் அவர்களுக்குத் தோள் விறைத்துக்கொள்ளும். கையை எங்கே வைப்பதென்று தெரியாது. சிரிக்கச் சொன்னால் பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். அவள் சலிக்காமல் பேச்சுக் கொடுத்தே அந்தப் பயத்தைத் தெளியவைத்துவிடுவாள்.

அன்று வந்தவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். வயது ஐம்பத்திரண்டு. மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரத்துக்குச் சாதாரண முகம் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தெரியாமல் மகள் போட்டோ அனுப்பிவைக்க, அதுவே தேர்வாகிவிட்டது.

"இருபது பிள்ளைங்க பின்னாடி கத்தினாலும் அசர மாட்டேன் கண்ணு. இந்த லைட்டுதான் ஆளை மிரட்டுது" என்றாள் வேன்காரம்மா. பவுடர் போட்டுக்கொண்டிருந்த மேக்கப்காரி சிரித்த சிரிப்பில் பஞ்சையே கீழே போட்டுவிட்டாள்.

ஆரம்பத்தில் எல்லாம் அருமையாகப் போனது. கறுப்பு ஃபிரேம், சிவப்பு ஃபிரேம், கன்னத்தில் கை, திரும்பிப் பார்க்கும் பார்வை. பிறகு திடீரென்று முகம் கோணியது.

"இடது பக்கம் சிரிப்பு வரலம்மா. இன்னொரு தடவை."

எடுத்தாள். வரவில்லை.

"வீட்ல யாரையாவது நினைச்சுக்கோங்க. முழுசா சிரிங்க."

மூன்றாவது முறை சொல்லும்போது அவள் குரலில் லேசாகச் சலிப்பு தட்டியது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆள் இப்படிச் சொதப்பினால் எரிச்சல் வராதா? அந்த நேரம் பார்த்து வேன்காரம்மாவின் இடது கையிலிருந்த கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது.

"பார்த்தும்மா! கடைக்காரங்க சாம்பிள் அது!"

வேன்காரம்மா தன் கையைக் குனிந்து பார்த்தாள், அது வேறு யாருடையதோ என்பது போல. ஏதோ சொன்னாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல் சொற்கள் குழைந்தன. கேலி செய்கிறாள் என்று மேக்கப்காரி சிரித்தாள்.

போட்டோகிராபர் திரும்பிப் பெரிய திரையைப் பார்த்தாள். கடைசியாக எடுத்த படம் அதில் நின்றது. முகத்தில் ஒரு பாதி சிரித்துக்கொண்டிருந்தது. மறு பாதி தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் வேன்காரம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, ரெண்டு கையையும் தூக்குங்க!"

வலது கை எழுந்தது. இடது கை மடியிலேயே கிடந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுடி!" என்று மேக்கப்காரியிடம் அலறினாள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? சரியான நேரம் வேணும்."

போட்டோகிராபரின் கழுத்தில் கேமரா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. படங்களைப் பின்னால் தள்ளினாள். பத்து நாற்பத்திரண்டு: முழுச் சிரிப்பு. பத்து நாற்பத்து நான்கு: உதடு கோணல்.

டாக்டர் கேமராவை வாங்கி இரண்டையும் உற்றுப் பார்த்தார். "நேரம் தெரியலேன்னா இந்த மருந்தைக் கொடுக்கத் தயங்கியிருப்போம். மூளையில ரத்தம் கட்டியிருக்கு, கரைச்சுடலாம்னு நம்புறேன்" என்று சொல்லி, கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

விழுந்தடித்து வந்த மகள் போட்டோகிராபரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்க்கா!"

கையை விடுவித்துக்கொண்டு அவள் படங்களை மறுபடி தள்ளிப் பார்த்தாள். பத்து நாற்பத்து நான்குக்கும் கண்ணாடி விழுந்த பத்து ஐம்பத்தொன்றுக்கும் நடுவே பதினொரு படங்கள் இருந்தன. ஏழு நிமிடம். கண்ணெதிரே ஒருத்திக்குப் பாதி உடம்பு செயலிழந்துகொண்டிருக்க, அவள் சரியாகச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்திருக்கிறாள்.

ஐந்து வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனாள். வேன்காரம்மா கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தாள். பேச்சு தெளிந்திருந்தது. இடது கை விரல்கள் மட்டும் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

"உங்களைத் திட்டிட்டேன்மா" என்றாள் போட்டோகிராபர்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல கண்ணு."

"எனக்கு இருக்கே."

வேன்காரம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மடங்காத அந்தக் கையை எடுத்து அவள் கைமேல் வைத்துக்கொண்டாள்.