புதுத் தகரமும் ஒரு சந்தேகமும்

1

இந்தக் கதை ஓர் ஓட்டையில் பிறந்தது. இலங்கை மலையகத்து வட்டகொடையில் ஒரு வாடகைக் காரில் போகும்போது காலடிச் சாக்கை விலக்கிப் பார்த்தேன்; கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது. டிரைவரிடம் சொன்னேன். "காத்தோட்டம்தானுங்க" என்றார். அந்த மனுஷரை விட மனமில்லை. மரியரட்ணம் என்று பெயர் வைத்து, 1979இல் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டேன்.

முதல் வரி இப்படி வந்தது: மலைமுகடுகளில் மூடுபனி மெல்லத் தவழ்ந்து

(வேண்டாம். மலையகக் கதை என்றாலே இந்த மூடுபனி முந்திக்கொண்டு வந்து குந்திவிடுகிறது.)

2

மரியரட்ணத்துக்குத் தேயிலைத் தோட்டத்து லொறியில் டிரைவர் வேலை கிடைத்துவிட்டது. இனி வாடகைக் கார் எதற்கு? அந்தப் பழைய மொரிஸ் மைனரை வாங்க ராகலை வாத்தியார் கணேசமூர்த்தி ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. தரைத் தகரமோ துருவேறி அப்பளமாகக் கிடந்தது. மரியரட்ணத்தின் திட்டம் சுருக்கமானது: துருவுக்கு மேலே தார், தாருக்கு மேலே புதுச் சாக்கு.

அவர் மனைவி றோசலின், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்பவள். தார் டின்னைக் கண்டதும் பின்சீட்டில் ஏறி, குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள். கால் கணுக்காலைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது.

"வாத்தியார் சம்சாரம் மாசமா இருக்காங்களாம். தார் தாங்குமா?"

"மொதல்ல காலை எடு, புள்ள."

"பதில் சொல்லுங்க, எடுக்கிறேன்."

(இங்கே அவள் கண் கலங்குவதாக ஒரு வரி எழுதினேன். றோசலின் அப்படிப்பட்ட ஆளில்லை. வெட்டிவிட்டேன்.)

3

தார் மட்டும் பூசும் திட்டம் ஒழிந்தது; காரின் சீட்டுகள் வாசலுக்கு வந்தன. உளுத்துப்போனதை வெட்டி எறிந்து, கராஜ் மெக்கானிக் பாஸைக் கூப்பிட்டுப் புதுத் தகரம் பற்றவைத்தார்கள். மிஞ்சிய பழசைக் கம்பி பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்தார்கள். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் மூக்கெல்லாம் துருப்பொடி. அடுத்து, துருவைத் தடுக்கும் ரெட் ஒக்சைட் பூச வேண்டும். அது காய்ந்தபின் அடிப்பக்கம் தார். ஆனால் தொட்ட இடமெல்லாம் ஈரம்.

"போதுங்க, பூசிருங்க. கை விட்டுப்போச்சு" என்றாள் றோசலின்.

"ஈரத்துமேல பூசினா உள்ளுக்குள்ளயே அரிக்கும். வெயில் வரட்டும்" என்றார், தார் டின்னோடு தொடங்கிய அதே மனுஷர்.

எழுதுகிறவன் நான்; வெயிலை நானே வரவழைக்கலாம். ஆனால் ஐப்பசியில் வட்டகொடைக்கு ஒரு வாரம் வெயில் கொடுத்தால் அந்த ஊர்க்காரர்கள் புத்தகத்தைத் தூக்கி எறிவார்கள். இரண்டு மத்தியானம் கொடுத்தேன். ஒன்று ரெட் ஒக்சைட்டுக்கு, ஒன்று தாருக்கு.

4

கணேசமூர்த்தி மனைவி லெட்சுமியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நேரே சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க, கீழ எல்லாம் புதுசா இருக்கு? பள்ளத்துல உருண்ட வண்டிங்களா?"

மரியரட்ணம் குனிந்து தகரத்தைத் தட்டிக் காட்டினார். "துரு புடிச்சிருந்துச்சுங்க. வெட்டி மாத்தினோம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

(முடிவு ஒன்று: வாத்தியார் திரும்பிப் போகிறார்; நேர்மைக்குக் காலமில்லை. பத்திரிகைக்காரர் உடனே போடுவார். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: றோசலின் ஒரு பிரசங்கம் செய்து, வாத்தியார் மனம் மாறி

இதுவும் வேண்டாம்.)

ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, நிற்க முடியாத லெட்சுமி தானே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதங்களைப் புதுத் தகரத்தில் ஊன்றிக்கொண்டாள். றோசலின் ஓடிப்போய் ஒரு தலையணை கொண்டுவந்து முதுகுக்கு வைத்தாள்.

"குலுங்குமா அக்கா?"

"குலுங்கத்தான் செய்யும். காலு கீழ போவாது."

லெட்சுமி சிரித்தாள். "ஏங்க, இதுலயே வீட்டுக்குப் போவோம்."

மனைவி உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்த கணேசமூர்த்தி, சந்தேகத்தை விட்டுக் கை நீட்டினார். "சாவிங்க?"

மரியரட்ணத்தின் கை சட்டைப்பைக்குள் போனது; வெளியே வரவில்லை. துருப்பிடித்த காரை எவருக்கு வேண்டுமானாலும் தள்ளிவிட இருந்தவர்தான். தேய்த்துத் தேய்த்துப் பூசிய இந்தக் காரை எப்படிக் கொடுப்பது? மூன்று பேரும் அவர் பையையே பார்க்கிறார்கள்.

நானும் இழுத்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கை எனக்கு அசையவில்லை. நீங்கள் முயன்று பாருங்கள். ஆனால் சீக்கிரம்: மாசமான பெண் காத்திருக்கிறாள்.