நடுச்சுவர்க் குளிர்

“ஆன்டி, ஒரு ஊதுபத்தி பத்த வச்சுக் கொண்டாங்க லா,” என்று ஜெயராஜ் கேட்டதும் இராசேஸ்வரி படுக்கையறைச் சுவரின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். வீட்டில் கரண்டு எங்கே வீணாகிறது என்று சோதித்துச் சொல்ல பெட்டாலிங் ஜெயா கம்பெனி ஒன்றிலிருந்து வந்தவன் அவன். மீட்டரைப் பார்த்தான். ஐஸ்பெட்டிக் கதவின் சந்தில் காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தான். அதெல்லாம் போகட்டும். புகை காட்டிக்கொடுத்துவிடுமே என்பதுதான் அவள் பயம்.

அவள் கணவர் முத்துக்குமாரு, பென்ஷன் வாங்கிய கையோடு படுக்கையறைக்குக் குளிரூட்டும் ஏர்கோன் வாங்கிப் பூட்டியவர். பிரிக்பீல்ட்ஸ் வெக்கைக்கு அது வேண்டியதுதான். ராத்திரி மட்டும் போடுவது என்று வீட்டில் சட்டமே போட்டிருந்தார். ஆனாலும் பில் மாதா மாதம் எகிறியது. அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் பிறர் தவறுகளைத் தேடிப் பிடித்த மனிதர் சும்மா இருப்பாரா? ஜெயராஜை வரவழைத்து அவன் பக்கத்திலேயே நின்றார்.

ஒரு காலத்தில் அது ஒரே வீடு. வீட்டுக்காரர் நடுவில் செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கி வாடகைக்கு விட்டார். சுவரின் உச்சியில் காற்றுக்காக வரிசையாக ஓட்டைகள். அந்தப் பக்கம் வள்ளியம்மாவும் அவள் கணவர் நாகையாவும். தண்டவாள வேலை பார்த்த நாகையா, தைப்பூசத்துக்குப் பிறகு பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்து முனகுவார். இத்தனை வருஷத்தில் முத்துக்குமாரு அவரைப் பார்த்துத் தலையாட்டுவதற்கு மேல் பழகியதில்லை. உத்தியோகம் பார்த்த தலை, ஆடியதே அதிகம்.

படுக்கையறைப் பக்கத்து ஓட்டைகளை, குளிர் போகாதபடி, முத்துக்குமாருவே காட்போர்டு வெட்டி அடைத்திருந்தார். மத்தியானம் அவர் சங்கத்துக்குச் சீட்டாடப் போனதும் இராசேஸ்வரி ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றுவாள். ஏர்கோனைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குப் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து முனகல் அடங்கும். அந்த அறையில் தானே படுத்த ராத்திரிகளில்கூட அவளுக்கு அவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.

ஜெயராஜ் ஏர்கோனை ஓடவிட்டு ஊதுபத்தியை மேலே பிடித்தான். புகை நேராகக் காட்போர்டின் ஓரத்தால் நுழைந்து ஓட்டைகளுக்குள் போய் மறைந்தது.

“பாத்தீங்களா அங்கிள்? காட்போர்டு ஓரமெல்லாம் பிஞ்சி கெடக்கு, டெய்லி கழட்டி மாட்டுன மாதிரி. பாதிக் குளிரு பக்கத்து வீட்டுக்குத்தான் போவுது. சிமெண்டு வச்சுப் பூசிடலாம்.”

முத்துக்குமாரு மனைவி பக்கம் திரும்புவதற்குள், சுவருக்கு அப்பாலிருந்து வள்ளியம்மாவின் குரல் வந்தது.

“அக்கா, இன்னிக்கு சீக்கிரமே போட்டுட்டீங்களே! ஐயா வெளிய போயிட்டாரா?”

ஜெயராஜ் ஊதுபத்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவன் வேறெங்கே பார்ப்பான்?

“இராசேஸ்வரி, இது என்ன?” முத்துக்குமாரு குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

“நான்தான் போடுறனான். அந்த மனுசன் வெக்கையில கிடந்து அனுங்குறதைக் கேட்டுக்கொண்டு என்னால சோறு தின்ன ஏலாது.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா என்ன செய்திருப்பியள்?”

என்ன செய்திருப்பார் என்பது இருவருக்குமே தெரியும். முத்துக்குமாரு ஜெயராஜிடம் திரும்பி, “சிமெண்டைக் குழையும், தம்பி,” என்றார்.

இராசேஸ்வரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வந்திருந்தால் நாலு வார்த்தை பேசியிருப்பாள். வந்தது அழுகை. நாளை மத்தியானம் அந்த முனகல் மறுபடி தொடங்கும். சிமெண்டு பூசினாலும் அது தன் காதில் விழாமல் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

ஜெயராஜ் காட்போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழைத்த சிமெண்டோடு ஸ்டூலில் ஏறினான். “ஏர்கோன நிப்பாட்டிடுங்க அங்கிள். இந்தக் காத்துக்கு ஈரம் சட்டுனு காஞ்சி வெடிச்சிடும்.”

முத்துக்குமாரு சுவிட்சுக்குப் போனார். அவர் கை வைத்த நேரம், குளிர் போதுமென்று ஏர்கோன் தானாகவே ஒருமுறை செருமிவிட்டு இரைச்சல் அடங்கியது. அறை அமைதியானது. ஓட்டைகள் வழியாக நாகையாவின் குறட்டைச் சத்தம் வந்தது. வயிறார உண்ட மனிதனின் குறட்டை மாதிரி, அவசரமே இல்லாமல், இழுத்து இழுத்து வந்தது.

“அங்கிள், சிமெண்டு இறுகுது லா,” என்றான் ஜெயராஜ்.

முத்துக்குமாரு ஒரு விரலை உதட்டில் வைத்தார். மற்றக் கை சுவிட்சை அமுக்காமல் அதன் மேல் அப்படியே இருந்தது.