வியாழக் கிரகத்து டோக்கன்

யசோதா படிப்பகத்துக்குள் நுழைந்த வேகத்தில், கேரம் ஆடிக்கொண்டிருந்த நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் அவள் கோபம் தெரியாதவர் உண்டா? மேஜைமேல் கையெழுத்துப் பத்திரிகை கிடந்தது. வீட்டுக்கு ஒருநாளாகச் சுற்றும் அது, நேற்று அவள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனது. அதில் கதை எழுதுகிறவன் அந்த நாலு பேரில் ஒருவன், அவள் தம்பி தம்மபாலன்.

"ஏன்டா, எங்க ஊட்டு சாவு உனக்குத் தமாஷா?"

கதை வியாழக் கிரகத்தில் நடக்கிறது. இங்கே சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். அங்கேயோ டோக்கன்தான் வேலைக்கு இறங்கும். ஆள் வீட்டில் உட்கார்ந்து களி தின்பான். பாறை வெடித்து டோக்கன் திரும்பாவிட்டால், மேனேஜர் பேண்டு வாத்தியத்தோடு வந்து ஆளிடமே துக்கம் விசாரிப்பார். அவன் ஏப்பம் விட்டுக்கொண்டே, "நல்ல டோக்கன் சார், பாவம்" என்பான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இங்கே பாறை வெடித்தபோது, அவள் புருஷன் கோவிந்தசாமியின் டோக்கன் எடுக்க ஆளில்லாமல் மூன்று நாள் அந்தப் பலகையில் தொங்கியது. அதை வைத்துக் கதை எழுத எப்படி மனசு வந்தது இந்தப் பாவிக்கு?

"மனசு லேசாவட்டும்னுதான்கா எழுதினேன். மாமாவோட நானும் ஒரே ஷிப்டுதானே."

"லேசாவா? படிச்சிட்டு எனக்கு மூச்சே அடைச்சிச்சிடா!"

"பொய் சொல்லாதக்கா. நீ சிரிச்சே. பக்கத்து ஊட்டு ஜூடித் பாத்துக்கீது."

யசோதாவின் முகம் செத்துப்போனது. உண்மைதான். ஏப்பம் வந்த இடத்தில் களுக்கென்று சிரித்துவிட்டாள். புருஷன் போய் ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் சிரிப்பு! அந்த ஆத்திரம்தான் அவளை இங்கே இழுத்து வந்தது. கதைப் பக்கங்களைக் கிழித்து அவன் முகத்தில் விசிறினாள்.

"இனிமே என் வாசப்படி மிதிச்சே, காலை ஒடிச்சிடுவேன்."

வீட்டில் மாமியார் பழனியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மகன் போன நாளிலிருந்து அப்படித்தான். வாய் திறப்பதே இல்லை. இன்று திறந்தாள்.

"நேத்து இன்னாத்துக்குடி சிரிச்சே?"

"தப்புதான் அத்தே."

"தப்ப யாரு கேட்டா? கதைய சொல்லு."

தம்பியைத் திட்டித் திட்டியே கதையைச் சொன்னாள். டோக்கன் திரும்பாத இடம் வந்ததும் கிழவி எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ ஆளு ஊட்லதான் கீறானா?"

"ஊட்லதான் அத்தே."

"துன்றானா?"

"துன்றான். களி."

பழனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு. அவன் துன்ற எடத்துலேருந்து."