சாக்ஸும் நாற்பது கிலோவும்

ஜிம்மில் எல்லோருக்கும் அவர் கிரேன். ஆம்புலன்ஸில் வேலை, நோயாளிகளை மாடிப்படிகளில் இறக்கி இறக்கி உரமேறிய தோள். ஐந்து மாதங்களுக்கு முன் முதுகில் டிஸ்க் நழுவி, இடது கால் மரத்துப்போய்ப் படுத்துவிட்டார். நூற்று நாற்பது கிலோ தூக்கும்போது நேர்ந்தது என்று ஜிம்மில் பேச்சு. அவரும் மறுக்கவில்லை. உண்மையில், குளியலறை வாசலில் கிடந்த மகளின் சாக்ஸை எடுக்கக் குனிந்தார், அவ்வளவுதான். சாக்ஸிடம் தோற்றவரை யார் கிரேன் என்று கூப்பிடுவார்கள்?

திங்கட்கிழமை வேலையிடத்தில் சோதனை. நாற்பது கிலோ ஏற்றிய ஸ்ட்ரெச்சரை ஐந்து முறை தூக்கி இறக்க வேண்டும். முடியாவிட்டால் ஓய்வு பெறும்வரை தொலைபேசி மேசைதான். இன்று சனி. 'நாற்பது கிலோ வரை, வலித்தால் நிறுத்தவும்' என்று பிசியோ எழுதிக்கொடுத்த தாள் மனைவியின் கைப்பையில் இருந்தது. தையல் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அவளும் கூடவே ஜிம்முக்கு வந்திருந்தாள். கணவர் தாளைப் படிப்பார் என்ற நம்பிக்கை அவளுக்கில்லை.

"உடம்புங்கிறது ஒரு ஆலயம்," என்று ஜிம் மாஸ்டர் தொடங்கினார். அந்த ஆலயத்தில் மின்விசிறி இரண்டு மாதமாக ஓடவில்லை. கிரேன் மீண்டு வரும் காட்சியை உலகம் பார்க்க வேண்டுமே என்று கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். "ராடு இருபது, ரெண்டு பக்கமும் பத்துப் பத்து. சின்ன பிளேட், சின்ன வெயிட். கிரேனுக்கு இதெல்லாம் தூசு."

முனைகளில் பெரிய வட்டப் பிளேட் மாட்டினால் ராடு கெண்டைக்கால் நடு உயரத்தில் நிற்கும். சின்ன பிளேட்டில் அது கணுக்காலை ஒட்டிக் கிடந்தது. கிரேன் குனிந்தார். இன்னும் குனிந்தார். ராடைப் பிடித்தபோது முதுகு வில்லாக வளைந்துவிட்டது. ராடு அசைவதற்கு முன்பே இடது தொடையின் பின்புற நரம்பில் ஓர் எறும்பு ஊரத் தொடங்கியது.

பயிற்சி செய்துகொண்டிருந்த எட்டுப் பேரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"என்ன கிரேன், யோசனை? மூச்சை இழுத்துத் தூக்கு."

"கொஞ்சம் இருங்க," என்றாள் மனைவி.

"வீடியோ ஓடுது சிஸ்டர்."

"ஓடட்டும். எங்க போயிடப் போகுது."

அவள் ராடின் பக்கத்தில் உட்கார்ந்து கையை விரித்து அளந்தாள். "அரைச் சாண்தான் இருக்கு. ஸ்ட்ரெச்சர் பிடி எவ்வளவு உயரங்க?"

"முழங்காலுக்கு ஒரு சாண் கீழ," என்றார் கிரேன், பிடியை விடாமல்.

"அப்புறம் எதுக்கு இந்தப் பள்ளத்துல குனியறீங்க?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "தரையிலேருந்து எடுத்தாத்தான் அது தூக்கறது. மேல வெச்சுத் தூக்கறதெல்லாம் பாப்பா வேலை. நூத்தி நாப்பதுல விழுந்த ஆளு இவரு, சிஸ்டர்."

மனைவி கணவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் கண்ணால் கெஞ்சினார்.

"இவரு விழுந்தது சாக்ஸ் எடுக்கும்போது. ஒத்தைச் சாக்ஸ். அது எத்தனை கிலோ இருக்கும், நீங்களே சொல்லுங்க மாஸ்டர். வெயிட் இவரை ஒண்ணும் பண்ணல. குனியறதுதான் பண்ணுது."

யாரோ இருமினார்கள். சிரிப்புதான், இருமலாக வேஷம் போட்டது. கிரேனின் காது மடல்கள் சிவந்தன. இப்போது ஒரே இழுப்பில் தூக்கிவிட்டால் மானம் நிற்கும். எறும்பு அதற்குள் முழங்கால் வரை வந்துவிட்டது.

விரல்களைப் பிரித்தார். "அடியில வைக்க ஏதாவது இருக்கா மாஸ்டர்?"

"இங்க யாரும் அதெல்லாம் கேட்டதில்லை," என்ற மாஸ்டர் கைபேசியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஏறி இறங்கும் பயிற்சிப் பலகைகள் மூலையில் கிடந்தன. மனைவி அவற்றை இழுத்துவந்து இருபக்கமும் அடுக்கினாள். ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. ரப்பர் விரிப்பை மடித்துச் செருகினாள். மறுபடி சாண் போட்டுப் பார்த்தாள். "இப்ப எடுங்க."

முதுகு நேராக நின்றது. ராடு எழுந்தது, இறங்கியது.

"ஒண்ணு."

இரண்டு. மூன்றாவதில் இடுப்பில் சூடு பரவியது. தசையா, நரம்பா? அப்படியே நின்றார். அவளும் எண்ணாமல் நின்றாள். நரம்பென்றால் காலுக்கு இறங்கியிருக்கும்; சூடு இறங்கவில்லை. மெதுவாக வைத்தார்.

"மூணு."

நான்கு. ஐந்து.

"இன்னொண்ணு போடட்டுமா?"

"அவங்க கேட்டதே அஞ்சுதான். விடுங்க."

விட்டார். நிமிர்ந்து, ஷூவுக்குள் இடது கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார்.

"சுண்டு விரல்?" என்றாள்.

"இரு." சற்று நேரமானது. "அதுவும் அசையுது."